செம்மண் ஊரில் கார் டீட்டெய்லிங் கற்றுக்கொள்வது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கார் வைத்திருப்பவர் அழுக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை. மழை பெய்த மறுநாள் தோட்டத்து மண்சாலையில் ஒரு முறை போய் வந்தால், வெள்ளைக் கார் இடுப்பளவுக்குக் காவி கட்டிக்கொண்டு வந்து நிற்கும். செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் பத்து நிமிடம் ஓட்டினால், வைப்பர் எவ்வளவு தேய்த்தாலும் போகாத பிசுக்கு முன்கண்ணாடியில் படியும். பால்மர (ரப்பர் மர) நிழலில் நிறுத்தினால் ஒரு தொல்லை, மாமர நிழலில் நிறுத்தினால் வேறொரு தொல்லை, நிழலே வேண்டாமென்று வெயிலில் நிறுத்தினால் இன்னொரு தொல்லை. கார் டீட்டெய்லிங்கைப் பொழுதுபோக்காகக் கற்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அமையாது என்றே நான் சொல்வேன்.

கழுவுவது வேறு, டீட்டெய்லிங் வேறு. பட்டணத்துக் கடையில் பத்துப் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ‘ஸ்னோ வாஷ்’ என்னும் நுரைக் கழுவல் செய்துகொண்டால் அழுக்குப் போய்விடும். டீட்டெய்லிங் என்பது, பூச்சு, கண்ணாடி, ரப்பர், பிளாஸ்டிக், துணி, தோல் என்று காரில் உள்ள ஒவ்வொரு பரப்பும் எதனால் ஆனது, அதன்மேல் படிந்திருப்பது எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டு, படிந்ததை மட்டும் எடுத்துவிட்டு அடியில் உள்ளதைக் காயப்படுத்தாமல் விடும் வேலை. இதில் பின்பாதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம்.

நானும் மறந்தேன். இருபது வயதில், ஒரு தீபாவளிக்கு முந்திய நாள் நண்பகல் வெயிலில், அப்பாவின் பழைய புரோட்டோன் சாகா காரை முற்றத்தில் நிறுத்தி, நண்பரிடம் இரவல் வாங்கிய சுழல் பாலிஷ் இயந்திரத்தால் பளபளப்பாக்க முனைந்தேன். பானெட்டின் ஓர மடிப்பில் இயந்திரம் மூன்று நான்கு விநாடிதான் நின்றிருக்கும். கையை எடுத்தபோது அந்த இடத்தில் சிவப்பு போய், ஐந்து காசு நாணயத்தின் அகலத்துக்குச் சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்தது. அப்பா திட்டவில்லை. விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “பரவால்லப்பா, காடி ஓடும்ல?” என்று மட்டும் கேட்டார். நான் இங்கே எழுதுவதில் பாதி, அந்த ஐந்து காசு வட்டத்திலிருந்து கற்றது.

பூச்சு எவ்வளவு கனம்?

தொழிற்சாலையில் காருக்கு அடிக்கப்படும் பூச்சுகள் எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனம். அதாவது இரண்டு தலைமுடியை ஒன்றன்மேல் ஒன்று வைத்த தடிமன். தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். நாம் பார்த்து மயங்கும் பளபளப்பு அந்தக் கிளியர் கோட்டினுடையது. அதன் கனம் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான்தான். வெயிலின் புற ஊதாக் கதிர் நிறத்தை வெளுக்கச் செய்யாமல் தடுப்பதும் அதுவே. கீறலைத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்ட் பசையைப் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதில் சில மைக்ரான் கரைகிறது. அதை வட்டி போடாத உண்டியல் என்று எண்ணிக்கொள்ளுங்கள்: எடுக்கலாம், போட முடியாது. தகட்டின் ஓரங்களிலும் மடிப்புகளிலும் பூச்சு இன்னும் மெல்லியதாக இருக்கும். என் இயந்திரம் நின்ற இடம் அப்படிப்பட்ட ஒரு மடிப்பு.

மாலை வெயிலில் ஒரு கறுப்புக் காரின் பானெட்டைச் சாய்வாகப் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலைபோல் வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியும். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் நேர்கோடாகத்தான் கிடக்கின்றன. ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் இருப்பவை மட்டும் தெரிவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும் நாமே போட்டவை. மணலில் உள்ள குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. கிளியர் கோட் அதன் முன்னால் வெண்ணெய். ஆகவே, கீறலை நீக்கக் கற்பதற்கு முன்னால் கீறலைப் போடாமல் கழுவக் கற்க வேண்டும். முதல் ஆறு மாதத்துக்கு இயந்திரம் வாங்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

வாங்க வேண்டியவை

ஹார்ட்வேர் கடையில் 15 அல்லது 20 லிட்டர் வாளி இரண்டு, வாளியின் அடியில் போடும் வலைத்தட்டு இரண்டு, நீண்ட மயிர்கள் கொண்ட மைக்ரோஃபைபர் கழுவும் கையுறை ஒன்று, அமிலமும் காரமும் மிகாத நடுநிலைக் கார் ஷாம்பு ஒரு புட்டி, உலர்த்துவதற்குப் பெரிய கனத்த துண்டு ஒன்று, சிறிய மைக்ரோஃபைபர் துணிகள் பத்து, மென்மையான தூரிகை இரண்டு. தொடக்கத்துக்கு இவை போதும். நூற்றைம்பது வெள்ளிக்குள் அடக்கிவிடலாம். பழைய பனியனும் ஸ்பான்ஞ்சும் வேண்டாம். ஸ்பான்ஞ்சின் தட்டைப் பரப்பு மணலை உள்ளே வாங்காமல் பூச்சோடு சேர்த்து அழுத்தும், கையுறையின் மயிர்களோ மணலைத் தமக்குள் இழுத்துக்கொள்ளும். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை வாராவாரம் பயன்படுத்தக் கூடாது. அது முன்பு போட்ட மெழுகைக் கழற்றிவிடும்.

துணிகளைப் பாதுகாப்பது பாதி வேலை. மைக்ரோஃபைபர் என்பது பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்த செயற்கை இழை. அதைப் பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் நீரை உறிஞ்சாது. அதிகச் சூட்டில் உலர்த்தினால் இழைகள் உருகி விறைத்துப் போகும். பூச்சுக்கு ஒரு நிறம், கண்ணாடிக்கு ஒரு நிறம், சக்கரத்துக்கு ஒரு நிறம் என்று பிரித்து வையுங்கள். சக்கரம் துடைத்த துணி மறுபடியும் பானெட்டுக்கு ஏறக் கூடாது. தரையில் விழுந்த துணி, வீட்டில் யார் என்ன சொன்னாலும், துவைக்கும் வரை தீட்டுத்தான்.

கழுவும் முறை

வெயிலில் நின்ற கறுப்புத் தகடு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். அதன்மேல் ஷாம்பு விழுந்த உடனே காய்ந்து கறையாகும். எனவே காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை ஐந்தரைக்குப் பின்போ, போர்ச் நிழலில், புறங்கை வைத்துப் பார்த்துத் தகடு ஆறிய பிறகே தொடங்க வேண்டும்.

முதலில் சக்கரங்கள். அவற்றில் இருக்கும் பிரேக் தூள் காரிலேயே கொடிய அழுக்கு. கடைசியில் கழுவினால் அது சுத்தம் செய்த கதவுகள்மேல் தெறிக்கும். சில கடைகள் ரிம்முக்கு அடிக்கும் கடும் அமிலத்தை வீட்டில் தொடவே வேண்டாம். பிறகு குழாய் நீரை மேலிருந்து கீழாக, அவசரமின்றி, முழுக் காருக்கும் பாய்ச்சுங்கள். கை படாமல் எவ்வளவு மண் போகிறதோ அவ்வளவும் இலாபம். எங்கள் பகுதிச் செம்மண் காய்ந்துவிட்டால் ஒரே பாய்ச்சலில் போகாது. ஒரு முறை நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடியும் பாய்ச்ச வேண்டும். சக்கர வளைவுகளின் உள்மடிப்பில் விரலை விட்டுப் பார்த்தால் கைப்பிடி மண் வரும். அதைக் குழாயால் இறக்காமல் கையுறையைக் கொண்டுபோனால், அந்த மண்ணை எடுத்துக் கதவில் பூசுகிறீர்கள் என்று பொருள்.

இப்போது இரண்டு வாளிகள். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் நீர். கையுறையை ஷாம்பில் தோய்த்து, கூரையில் தொடங்கி, ஒரு பகுதியை மட்டும் நேர்கோடாக, அழுத்தாமல் இழுங்கள். பிறகு வெறும் நீர் வாளியில் வலைத்தட்டின்மேல் தேய்த்து அலசி, பிழிந்து, மீண்டும் ஷாம்புக்கு வாருங்கள். கூரை, கண்ணாடிகள், பானெட், கதவின் மேற்பாதி, கடைசியாகக் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும். வேலை முடிந்ததும் வெறும் நீர் வாளியைச் சாய்த்து அடியைப் பாருங்கள். முதல் முறை அதைப் பார்த்தபோது, விரல்நகக் கனத்துக்குச் செம்மணல் படிந்திருந்தது. ஒற்றை வாளியில் கழுவிய காலமெல்லாம் அது எங்கே போயிற்று என்று யோசித்தபோதுதான் சிலந்திவலைக்கு விடை கிடைத்தது.

உலர்த்தும்போது தேய்க்காதீர்கள். பெரிய துண்டை விரித்துப் பரப்பின்மேல் போட்டு, ஒரு முனையைப் பிடித்து மெல்ல இழுத்தால் நீரை அதுவே குடித்துவிடும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் நான் இப்படி முக்கால் மணி நேரம் துண்டு விரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, சாமி தேருக்குக்கூட இவ்வளவு செய்ய மாட்டாங்களே” என்றார். அவருடைய மைவி காரைத்தான் இப்போது மாதம் ஒரு முறை நான் கழுவுகிறேன்.

நம் ஊருக்கே உரிய கறைகள்

நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் பனியும் உப்பும் விழும் நாடுகளிலிருந்து வருகின்றன. நமக்கு வாய்த்தவை வேறு.

செம்பனை எண்ணெய் முதலாவது. ஆலைப் பக்கம் போகும் சாலைகளில் லாரிகளிலிருந்து ஒழுகி, டயரில் பட்டுக் கதவின் அடிப்பாகத்தில் தெறிக்கும். கச்சாச் செம்பனை எண்ணெயின் ஒரு பகுதி நம் ஊரின் சாதாரண வெப்பத்திலேயே உறைந்திருப்பதால், குளிர்ந்த நீரைப் பாய்ச்சினால் அது இன்னும் இறுகும். வெதுவெதுப்பான நீரில் ஷாம்பைச் சற்றுக் கூடுதலாகக் கரைத்து, அந்த இடத்தை மட்டும் தனித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஆரஞ்சு நிறம் துணிக்கு வந்துவிட்டதா என்று பார்த்தே அடுத்த ஒற்றலுக்குப் போங்கள். முன்கண்ணாடிக்கும் இதே வைத்தியம்தான். வைப்பர் ரப்பரைத் துடைக்க மறந்தால் துடைத்த கண்ணாடியில் அதுவே மறுபடியும் எண்ணெய் பூசும்.

பால்மரத்துப் பால் இரண்டாவது. ஈரமாக இருக்கும்போதே நீரைப் பாய்ச்சினால் போய்விடும். காய்ந்து ஒட்டுப்பாலாகி விட்டால், விரல் நுனியால் ஓரத்திலிருந்து மெல்ல உருட்டினால் பெரும்பகுதி சுருண்டு வரும். நகத்தால் சுரண்டக் கூடாது. பழுப்பேறி இறுகியதற்கு மண்ணெண்ணெய் தோய்த்த துணியைச் சில நிமிடம் வைத்தால் ரப்பர் ஊதி இளகும். துடைத்த உடனே ஷாம்பால் கழுவிவிட வேண்டும். எந்தத் திரவத்தையும் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. தாரையும் இதே முறையில் எடுக்கலாம்.

பறவை எச்சத்துக்கு நாளை என்பதே கிடையாது. அதிலுள்ள யூரிக் அமிலம் ஒரு பக்கம் அரிக்க, வெயிலில் இளகிய பூச்சின்மேல் எச்சம் காய்ந்து சுருங்குவது இன்னொரு பக்கம் பிடித்து இழுக்கும். ஒரே பகலில் தடம் விழுந்துவிடும். காரிலேயே ஒரு சிறு நீர்ப்புட்டியும் இரண்டு துணிகளும் வைத்திருங்கள். நனைத்த துணியை எச்சத்தின்மேல் போட்டு, ஊறியபின் கிள்ளி எடுப்பதுபோல் தூக்க வேண்டும். எச்சத்துக்குள் விதையும் மணலும் இருக்கும். இழுத்துத் துடைத்தால் அவையே கீறும்.

எங்கள் ஊரை அடுத்த கிந்தா பள்ளத்தாக்கு சுண்ணாம்புக் குன்றுகளின் நாடு. கிணற்று நீரோ குழாய்க் கிணற்று நீரோ கொண்டு கழுவுகிறவர்களின் கார்களில், துளி காய்ந்த இடமெல்லாம் வெண்வட்டம் விழும். அது சுண்ணாம்பு உப்பு, சவர்க்காரத்துக்கு அசையாது. கடையில் ‘சுக்கா’ என்று கேட்டால் கிடைக்கும் வெள்ளை வினிகரைச் சம அளவு நீரில் கலந்து, துணியில் நனைத்து, ஒரு நிமிடம் வைத்து, பிறகு நன்றாக அலசினால் புதிய வட்டங்கள் கரையும். பல மாதம் வெயிலில் வெந்த வட்டங்கள் பூச்சையே அரித்திருக்கும். அவற்றுக்குப் பாலிஷ்தான் வழி. கழுவிய காரைக் காற்றிலேயே உலரவிடும் பழக்கத்தை விட்டுவிட்டால் இந்தப் பத்தியே தேவைப்படாது.

பூசைக்குப் போய் வந்த காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுக் கார் வாங்கினாலும் ஆயுத பூசை வந்தாலும் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் நம் வீடுகளில் விடுவதில்லை, விட வேண்டியதும் இல்லை. ஆனால் காய்ந்த விபூதியையும் சந்தனத்தையும் வெறும் துணியால் துடைப்பது, மென்மையான உப்புத்தாளால் துடைப்பதற்குச் சமம். குங்குமமோ வெளிர்நிறப் பூச்சிலும் பிளாஸ்டிக்கிலும் சாயம் ஏற்றிவிடும். அன்று மாலையே நீரைத் தாராளமாகப் பாய்ச்சிக் கரைத்துவிடுங்கள். மாலையைக் கம்பியால் கட்டாமல் நூலால் கட்டச் சொல்லுங்கள். ஓடும்போது கம்பி முனை பானெட்டில் கோலம் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே சூடம் காட்டினால் கண்ணாடியின் உட்புறம் கரிப்படலம் படியும், இரவில் எதிர்விளக்கு விழும்போதுதான் அது தெரியும்.

ரயில் தண்டவாளத்தின் அருகே நாள்தோறும் நிறுத்தும் கார்களிலும், எல்லாக் கார்களின் சக்கரங்களிலும், கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் பூச்சில் புதைந்து துருப்பிடிக்கும். வெள்ளைக் காரில் இவை செம்புள்ளிகளாகத் தெரியும். இதற்கென்று விற்கும் இரும்பு நீக்கியைத் தெளித்தால் இரும்பு உள்ள இடமெல்லாம் ஊதா நிறமாகி ஒழுகும். முதன்முறை பார்ப்பவருக்கு இது ஒரு மந்திரக் காட்சிதான், நாற்றம் மட்டும் அழுகிய முட்டை. கையுறை அணிந்து, குளிர்ந்த தகட்டில், காயவிடாமல் அலசிவிட வேண்டும்.

கிளே பார், பாலிஷ், இயந்திரம்

கழுவி உலர்த்திய பானெட்டை, கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாக இருந்த பரப்பு, பைக்குள் இருக்கும் விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரியும். ஷாம்புக்கு அசையாமல் ஒட்டியிருக்கும் அந்தத் துகள்களைப் பறிப்பதற்கே கிளே பார் என்னும் பிசின்போன்ற களிமண் கட்டி. சிறு துண்டு பிய்த்துத் தட்டையாக்கி, பரப்பில் வழுக்குத் திரவத்தை நிறையத் தெளித்து, எடையே இல்லாமல் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். தொடக்கத்தில் கரகரவென்று கேட்கும். ஒலி அடங்கினால் அந்த இடம் முடிந்தது. கட்டியை மடித்துப் புதுப் பக்கம் திருப்புங்கள். தரையில் விழுந்த கட்டியைக் குப்பையில் போடுங்கள். எட்டு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் மணலை எடுத்துப் பூச்சில் தேய்க்க வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் இது தேவைப்படாது.

ஆறு மாதம் கழிந்து, கழுவும் கை பழகிய பிறகு, இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். ஒரே அச்சில் சுழலும் இயந்திரம் ஓரிடத்தில் நின்றால் சூடேறிப் பூச்சை எரித்துவிடும். சுழன்றுகொண்டே அலையும் இருவழி இயந்திரம் வேகம் குறைவு. அழுத்தினால் தானே சுழற்சியை நிறுத்திக்கொள்ளும். தொடக்கக்காரருக்கு இரண்டாவதே பாதுகாப்பு. அதையும் நேரே காரில் வைக்காதீர்கள். பழைய கார்களைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடையில் நெளிந்த பானெட் ஒன்றை இருபது முப்பது வெள்ளிக்குப் பேசி வாங்கலாம். அதில் வேண்டுமென்றே ஓர் ஓரத்தில் இயந்திரத்தை நிறுத்தி, பூச்சு எவ்வளவு விரைவில் போகிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். நான் அப்பாவின் காரில் கற்றதை நீங்கள் முப்பது வெள்ளியில் கற்றுவிடலாம்.

உண்மையான காரில் வேலை செய்யும்போது ஓரங்கள், பிளாஸ்டிக், ரப்பர் எல்லாவற்றையும் ஒட்டுத்தாளால் மூடுங்கள். இரண்டடிக்கு இரண்டடி சோதனைப் பகுதி ஒன்றைத் தேர்ந்து, மென்மையான பஞ்சுத் தட்டு, மென்மையான பாலிஷ் என்று மிகக் குறைந்த பலத்தில் தொடங்கி, குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை மெல்ல ஓட்டி, துடைத்து, டார்ச் விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். போதவில்லையென்றால் மட்டுமே காம்பவுண்டுக்கு ஏறுங்கள். பழைய கார் சிலவற்றில் துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். அங்கே கிளியர் கோட் இல்லை அல்லது முடிந்துவிட்டது என்று அறிந்து கையை நிறுத்துங்கள். எல்லாக் கீறலும் போக வேண்டும் என்ற ஆசையையும் அங்கேயே நிறுத்துவது நல்லது. நகம் மாட்டும் ஆழமான கீறலைத் தேய்த்து எடுக்கப் போனால் மேற்பூச்சே மிஞ்சாது.

மெழுகு

பாலிஷ் போட்ட பூச்சு நிர்வாணமாக நிற்கும். அதற்கு உடை மெழுகு. காலங்காலமாக விற்கும் கார்னோபா மெழுகு, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து கிடைப்பது. செம்பனைக்கு நடுவே வாழும் நாம் இன்னொரு பனையின் மெழுகைக் காசு கொடுத்து வாங்கிப் பூசுகிறோம். அதன் பளபளப்பு அழகுதான், ஆனால் அன்றாட வெயிலிலும் பிற்பகல் மழையிலும் நம் ஊரில் ஒன்றிரண்டு மாதம் தாங்கினால் பெரிது. செயற்கைச் சீலண்ட் என்னும் காப்புப் பூச்சு அதைவிட நீண்டு நிற்கும். பல ஆண்டு நிற்கும் செராமிக் பூச்சைத் தொடக்கக்காரர் தவிர்க்க வேண்டும். நேரம் தவறிய துடைப்பு அப்படியே இறுகிக் கறையாகும், எடுக்க மறுபடியும் பாலிஷ்தான். எதைப் பூசினாலும் மெல்லியதாகப் பூசுங்கள். கனமாகப் பூசியவர் துடைக்கத்தான் கூடுதல் நேரம் செலவழிப்பார். மழைத்துளி உருண்டு நிற்காமல் தட்டையாகப் படரத் தொடங்கினால் அடுத்த பூச்சுக்கு நாள் வந்துவிட்டது.

டயரின் பக்கச்சுவர் பழுப்பேறுவதை அழுக்கென்று எண்ணித் தேய்க்கிறோம். ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யாமலிருக்கத் தயாரிக்கும்போதே கலக்கும் ஒரு பொருள் மெல்ல மேலே கசிந்து பழுப்பாகிறது. கெட்டியான தூரிகையும் பல்நோக்குத் துப்புரவுத் திரவமும் போதும். நுரை பழுப்பாக வருவது நின்றபின், நீரில் கலந்த டயர் பூச்சை மெல்லத் தடவுங்கள். தரையில் படும் பகுதியில் மட்டும் ஒருபோதும் தடவாதீர்கள், வழுக்கும். பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் ஏனோ என் டயரைக் குனிந்து பார்ப்பதுண்டு.

உள்ளே

உட்புறத்துக்கு நம் எதிரி தூசியைவிட ஈரம். நனைந்த காலணியோடு ஏறி, கண்ணாடியை மூடி, இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தால் ஸ்டியரிங்கிலும் இருக்கைப் பட்டையிலும் வெண்பூஞ்சை பூத்திருக்கும். உலர்ந்த தூரிகையால் தட்டினால் பூஞ்சை வித்துகள் கார் முழுவதும் பறக்கும். முகமூடி அணிந்து, 70 விழுக்காட்டு ஆல்கஹால் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, துணியைத் தூக்கி எறிந்துவிட்டு, எல்லாக் கதவுகளையும் திறந்து காயவிடுங்கள். அதன் பிறகும் நாற்றம் இருந்தால் தரைவிரிப்பைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் குளிர்சாதனத்தின் நீர் வடிகுழாய் அடைத்திருக்கலாம். வாசனைத் திரவியம் அதை மறைக்குமே தவிர மாற்றாது.

மற்றவை எளிது. முதலில் வெற்றிடத் துப்புரவுக் கருவி, பிறகு ஈரத் துணி. முறை மாறினால் தூசி சேறாகும். டாஷ்போர்டுக்கு எண்ணெய் மினுமினுப்புத் தரும் திரவம் வேண்டாம். முன்கண்ணாடியில் எதிரொளித்து ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும். கண்ணாடியைக் கடைசியில் துடையுங்கள்: உட்புறம் மேலிருந்து கீழ், வெளிப்புறம் இடமிருந்து வலம். கோடு விழுந்தால் எந்தப் பக்கத்தில் என்று உடனே தெரியும். நிறத்தாள் ஒட்டிய கண்ணாடியில் அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தைப் பயன்படுத்தினால் தாள் கெட்டுவிடும்.

பிறர் காரைத் தொடுமுன்

இரண்டு மாதம் போர்ச்சில் வாளியோடு நின்றால், தாமானில் (குடியிருப்பில்) யாராவது ஒருவர் சாவியை நீட்டுவார். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள், வேறுவேறு பூச்சுகளைத் தொட அதுதான் வழி. ஆனால் உரிமையாளரை அருகில் வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், காரை ஒரு சுற்று வந்து, இருக்கும் கீறல்களையெல்லாம் கைப்பேசியில் படம் எடுங்கள். எந்தக் கதவாவது பிறகு ஸ்பிரே அடித்ததா, எப்போது என்று கேளுங்கள். புதிதாக அடித்த பூச்சு முழுமையாக உலருமுன் மெழுகு ஏறக் கூடாது, எவ்வளவு நாள் என்பதை அடித்த கடைக்காரரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. படம் எடுத்து முடிக்கும் வரை தண்ணீர்க் குழாயைத் திறக்காதீர்கள். நீர் பட்டால் பழைய கீறல் எல்லாம் மறைந்துவிடும், காய்ந்தபின் அவை நீங்கள் போட்ட புதிய கீறல்களாகத் தெரியும்.